பின்னல் பொம்மைக்கு எத்தனை வயது? கொக்கி ஊசியின் வரலாறு



உங்கள் வகுப்பு மாணவிகளின் புத்தகப்பைகளை இந்த வாரம் ஒருமுறை கவனித்துப் பாருங்க. பத்துப் பைகளில் மூன்று நான்கிலாவது ஒரு குட்டிக் கரடியோ தவளையோ திமிங்கிலமோ தொங்கிக்கொண்டிருக்கும். நூலால் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த பொம்மை. பள்ளிச் சந்தை நாளில் வேகமாக விற்றுப்போகிற பொருளும் இன்றைக்கு அதுதான். ஆங்கிலப் பெயரைச் சொல்லி 'குரோஷே' என்கிறார்கள் பிள்ளைகள். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை 'அமிகுருமி' என்று ஜப்பானியப் பெயரையே சொல்லும்.

"டீச்சர், இத மொதல்ல யாரு கண்டுபிடிச்சா?" என்று படிவம் 2 மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கான பதிலைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கைவினை மன்றம் நடத்துகிறவர்களுக்கும், வரலாறு சார்ந்த வாசிப்புப் பகுதி தேடுகிறவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் ஒரு வதந்தியைத் தீர்த்துவிடுவோம். 'குரோஷே என்ற சொல்லே நம் கொக்கியிலிருந்து வந்ததுதான்' என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். இந்த மாதிரிச் செய்திகள் புலனத்தில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்களுக்குத் தெரியும். ஒலி ஒத்திருப்பது உண்மைதான். ஆனால் பிரெஞ்சு மொழியில் கொக்கிக்குக் 'குரோக்' என்று பெயர். சிறு கொக்கி 'குரோஷே'. அந்தக் 'குரோக்' வடக்கு ஐரோப்பிய மொழிகளிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. அதற்கும் தமிழுக்கும் தொடர்பு காட்ட ஒரு சான்றும் இல்லை. தமிழ் ஆசிரியர்கள் நாமே இதை நம்பிப் பகிர்ந்தால், நாளைக்கு உண்மையான வேர்ச்சொல் ஆய்வைச் சொல்லும்போது மாணவர்கள் எப்படி நம்புவார்கள்? சொல் வராவிட்டாலும் சிந்தனை ஒத்துப்போகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். பிரெஞ்சுக்காரர் சிறு கொக்கி என்றார். நாம் கொக்கிப் பின்னல் என்கிறோம். மலாய்க்காரர் 'மெங்காயிட்' என்கிறார்கள். 'காயிட்' என்றால் கொக்கி. நீண்ட கழியில் கொக்கி கட்டி மரத்துக் காயை இழுத்துப் பறிப்பதற்கும் மலாயில் அதே சொல்தான். நம் தோட்டத்துப் பெரியவர்கள் தொரட்டி என்று சொன்ன அதே வேலை. மூன்று மொழியும் கருவியைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கின்றன.

அடுத்தது வயது. இணையத்தில் தேடினால் குரோஷே பண்டைய எகிப்தில் இருந்தது, சீனாவில் இருந்தது, தென் அமெரிக்காவில் இருந்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எகிப்துக் கதைக்குக் காரணமாக இருப்பவை பழைய காலுறைகள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சிவப்புக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி இருக்கிறது. ஏறக்குறைய 1,600 ஆண்டுப் பழமையானது. செருப்பு வார் நுழைவதற்காகப் பெருவிரலைத் தனியாகப் பிரித்துச் செய்திருக்கிறார்கள். பார்த்தால் இன்றைய பின்னல்போலவே தெரியும். ஆனால் அது கண் வைத்த ஒற்றைத் தையல் ஊசியால், நூலை முழுக்க முழுக்கக் கண்ணிக்குள் இழுத்துச் செய்த வேறொரு முறை. கொக்கி அங்கே வேலை செய்யவில்லை.

இந்த வேறுபாடு சிறியதல்ல, கொஞ்சம் நின்று பார்ப்போம். ஸ்வெட்டர் பின்னும் இரண்டு ஊசி முறையில் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியில் திறந்தபடி காத்திருக்கும். ஊசி நழுவினால் எல்லாம் போச்சு. கொக்கிப் பின்னலில் எந்த நேரத்திலும் கையில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். மற்றவை அனைத்தும் முடிந்து பூட்டப்பட்டவை. அதனால் பின்னுகிறவர் அடுத்த கண்ணியை எங்கே வேண்டுமானாலும் போடலாம்: பக்கத்தில், மேலே, பத்து வரிசை கீழே, வளைந்து, சுழன்று. உருண்டையாக ஒரு கரடித் தலை செய்ய முடிவது இதனால்தான். இதை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முடியாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். அதைப் பிறகு பார்ப்போம்.

சரி, எழுத்துச் சான்று எப்போது கிடைக்கிறது? 'குரோஷே' என்ற பெயரோடு செய்முறை அச்சான முதல் இடமாக இதுவரை அறியப்பட்டிருப்பது 'பெனலோப்பே' என்ற டச்சுப் பெண்கள் இதழ். ஆண்டு 1823. பட்டு நூலில் பின்னும் சிறு பணப்பைகளுக்கான செய்முறை அது. ஸ்காட்லாந்துக்காரரான எலிசபெத் கிராண்ட் தம் நினைவுக் குறிப்புகளில் 1812ஆம் ஆண்டைப் பற்றி எழுதும்போது 'இடையர் பின்னல்' என்று ஒன்றைச் சொல்கிறார். சிறு கொக்கியால் தடித்த உடுப்பு பின்னுவது. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் பலூடான் இந்தக் கலையின் வரலாற்றைத் தேடிப் புத்தகமே எழுதினார். 1800க்கு முன் ஐரோப்பாவில் இது இருந்ததற்கு நம்பத்தக்க சான்று அவருக்கும் கிடைக்கவில்லை.

இருநூறு ஆண்டு! நம் பிள்ளைகள் பையில் தொங்குகிற பொம்மையின் தாய்க்கலைக்கு, சான்றோடு சொல்லக்கூடிய வயது அவ்வளவுதான். பினாங்கில் ஆங்கிலேயர் கொடி ஏற்றிய 1786ஐவிட இளையது. பழமையாக இருந்தால்தான் மதிப்பு என்ற எண்ணம் நமக்குப் பழகிவிட்டதால் இது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. இளைய கலை என்பதால்தான் அதைச் செய்த கைகள் யாருடையவை என்று ஓரளவாவது நம்மால் தேட முடிகிறது.

இந்தியத் தொடர்பு ஒன்று உண்டு. அதை மறைக்கவும் வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். ரவிக்கைகளில் போடுகிற 'ஆரி' வேலையைப் பார்த்திருப்பீர்கள். சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, நுனியில் சிறு கொக்கியுள்ள ஊசியை மேலிருந்து குத்தி, அடியிலிருந்து நூலை இழுத்துச் சங்கிலி சங்கிலியாகப் போடும் வேலை. குஜராத் பகுதியின் இந்தச் சங்கிலித் தையல் துணிகளைக் கிழக்கிந்திய கம்பெனிக் கப்பல்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. 18ஆம் நூற்றாண்டில் இதே வகை வேலை அங்கே 'தாம்பூர்' என்ற பெயரில் சீமாட்டிகளின் பொழுதுபோக்கானது. வட்டச் சட்டம் மேளம்போல் இருந்ததால் அந்தப் பெயர். ஒரு கட்டத்தில் யாரோ துணியை எடுத்துவிட்டு வெறும் சங்கிலியையே சங்கிலிமேல் கோத்துப் பார்த்தார்கள், குரோஷே அப்படிப் பிறந்தது என்பது பலர் ஏற்கும் ஊகம். ஊகம் என்பதை வகுப்பில் சொல்லும்போது சேர்த்தே சொல்லுங்க.

இனி வருவது அயர்லாந்து. இந்தக் கதையில் என்னை அதிகம் நிறுத்தி வைத்த பகுதி இதுதான்.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைக் குடும்பங்கள் மூன்று வேளையும் உருளைக்கிழங்கையே நம்பியிருந்த நாடு அது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள்; இன்னொரு 10 இலட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்த நாள்களில் கன்னியர் மடங்களும், பாதிரியார்களின் மனைவிமாரும், நிலக்கிழார் வீட்டுப் பெண்களும் ஏழைப் பெண்களுக்குக் கொக்கி ஊசியைக் கையில் கொடுத்தார்கள். கார்க் நகரில் உர்சுலைன் கன்னியர் கற்றுக்கொடுத்தனர். மொனகன் மாவட்டத்தில் குளோன்ஸ் என்ற ஊரில் கசாண்ட்ரா ஹேண்ட் என்ற பாதிரியார் மனைவி 1847இல் பயிற்சி தொடங்கினார். 'குளோன்ஸ் லேஸ்' என்று அந்த ஊர்ப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

ஏன் குரோஷே? ஐரோப்பியப் பணக்காரர்கள் அன்று விரும்பியது ஊசியால் இழை இழையாகச் செய்த வெனிஸ் லேஸ். அதைச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். கொக்கியால் அதே தோற்றத்தைப் பல மடங்கு விரைவாகக் கொண்டுவரலாம் என்று கண்டுபிடித்தார்கள். முதலீடு என்று பார்த்தால் ஒரு கொக்கி, ஒரு நூல்கண்டு. தறி வேண்டாம், மேசைகூட வேண்டாம். ஒரு பெண் ரோஜா மட்டும் பின்னுவாள், பக்கத்து வீட்டுக்காரி இலை மட்டும் பின்னுவாள், மூன்றாமவள் எல்லாவற்றையும் வலைப்பின்னலால் இணைப்பாள். பூவை மட்டும் பின்னியவளுக்கு முழு ஆடை எப்படி இருக்கும் என்றே தெரியாமல் போகலாம். வாடகையும் ரொட்டியும் அமெரிக்காவுக்குக் கப்பல் கட்டணமும் அந்தப் பூக்களிலிருந்து வந்தன.

இதே காலத்தில் லண்டனில் ரியேகோ டி லா பிராஞ்சார்டியேர் என்ற நீண்ட பெயருடைய பெண் குரோஷே செய்முறைப் புத்தகங்களைத் தொடர்ந்து வெளியிட்டு விற்றார். அவருடைய தாய் அயர்லாந்துக்காரர். கண்ணி எண்ணிக்கையை வரிவரியாக எழுதி, பார்த்துப் பின்னுமாறு அச்சிடும் பழக்கம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று மாணவிகள் கைத்தொலைபேசியில் பார்த்துப் பின்னுகிற செய்முறைக்கு அவர் ஒருவகையில் பாட்டி முறை. விக்டோரியா மகாராணியும் கொக்கி பிடித்தவர்தான். 80 வயதில், 1900இல், போயர் போருக்குப் போன வீரர்களுக்குக் கொடுப்பதற்காகத் தம் கையாலேயே எட்டுக் கழுத்துத் துணிகள் பின்னினார். ஒரே கருவி அரண்மனையிலும் பஞ்சக் குடிசையிலும் இருந்திருக்கிறது. ஒரு கைக்கு அது பொழுதுபோக்கு. இன்னொரு கைக்கு அது அன்றைய கஞ்சி.

மதப்பணியாளர்கள் போன இடமெல்லாம் இந்த முறை கூடவே போனது. நாகர்கோவிலில் 1819இல் வந்து இறங்கிய மால்ட் தம்பதியரில், மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப்பள்ளி நடத்தினார். பள்ளிச் செலவுக்கும் பிள்ளைகளின் வருமானத்துக்கும் லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்த காலம் அது. லேஸ் பின்னிய காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்ததாக மிஷன் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாகர்கோவில் லேஸ் கொக்கியால் செய்ததல்ல. திண்டின்மேல் குண்டூசி குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. பள்ளி, ஏழைப் பெண், ஏற்றுமதி என்ற அமைப்புதான் இரண்டிற்கும் பொது.

கொக்கியால் பின்னும் லேஸ் பெருந்தொழிலாக வளர்ந்த இடம் ஆந்திராவின் மேற்குக் கோதாவரிக் கரையிலுள்ள நர்சாப்பூர். அங்கேயும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள்தான் தொடக்கம். 1970களின் இறுதியில் மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் அங்கே போய் ஆய்வு செய்து, 1982இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது நம் எல்லார் வீட்டிலும் பழகிய ஒரு காட்சி. பெண்கள் நாள் முழுக்கச் சமையல், பிள்ளை, மாடு என்று பார்த்துக்கொண்டே ஆறேழு மணி நேரம் பின்னுகிறார்கள். அந்த லேஸ் மேலைநாட்டுச் சந்தைக்குப் போகிறது. ஆனால் கணக்கில் அவர்கள் 'தொழிலாளி' இல்லை. 'வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல பின்றாங்க' என்பதுதான் பேச்சு. சும்மா இருக்கிற நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்? தொழிலில் வணிகர்கள் பெரும்பாலும் ஆண்கள். இலாபம் அவர்கள் பக்கம். பின்னிய கைக்குக் கிடைத்தது குறைந்தபட்சக் கூலியைவிடவும் குறைவு. இந்த நர்சாப்பூர்ப் பின்னலுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

நம் பக்கமும் கான்வென்ட்கள் இருந்தன. குழந்தை இயேசு சபைக் கன்னியர் பினாங்கில் 1852இலும் சிங்கப்பூரில் 1854இலும் வந்து சேர்ந்தார்கள். பள்ளியோடு அநாதை இல்லமும் நடத்தினார்கள். அங்கே வளர்ந்த பெண்பிள்ளைகளின் தையல் வேலை விற்று இல்லச் செலவுக்கு உதவியது. நம்மில் பலருடைய வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிமேலும் நாற்காலி முதுகிலும் கிடந்த வெள்ளை நூல் விரிப்புகளை நினைத்துப் பாருங்க. பள்ளியில் தையல் வகுப்பு, பக்கத்து வீட்டு அம்மா, பெண்கள் இதழ் என்று ஏதோ ஒரு வழியில் அந்தக் கைப்பழக்கம் வந்திருக்கும்.

பொம்மைக்கு இன்னும் வரவில்லையே என்று கேட்கிறீர்கள். வந்தாச்சு.

பஞ்சடைத்த விலங்குப் பொம்மை பெருந்தொழிலானது ஜெர்மனியில், தையல்காரி ஒருவரால். கீங்கன் என்ற சிற்றூரில் 1847இல் பிறந்த மார்கரேட்டே ஷ்டைஃப் ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கி நடக்க முடியாமல் போனவர். வலக் கையும் சரியாக வராது. தையல் கற்று, உடைகள் தைத்து விற்றார். 1880இல் ஓர் இதழில் வந்த மாதிரியைப் பார்த்துக் குட்டி யானை ஒன்று தைத்தார், குண்டூசி குத்தி வைக்கும் திண்டாகப் பயன்படுவதற்கு. அதைப் பிள்ளைகள் எடுத்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். அங்கிருந்து தொழிற்சாலை. 1902இல் அவருடைய தம்பி மகன் ரிச்சர்ட் வடிவமைத்த கைகால் அசையும் கரடியை, அடுத்த ஆண்டு லைப்சிக் சந்தையில் அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 என்ற எண்ணிக்கையில் கேட்டார். அதே 1902 நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்ததும், அது செய்தித்தாளில் கேலிச்சித்திரமானதும், அவர் செல்லப்பெயரால் 'டெடி' கரடி பிறந்ததும் நீங்கள் அறிந்த கதை.

ஆனால் ஷ்டைஃபின் யானையும் டெடியும் துணியை வெட்டித் தைத்தவை. வெட்டித் தைப்பதற்குத் தையல் எந்திரம் உதவும். நூலிலேயே உருவத்தை வளர்த்துக்கொண்டு போகிற பொம்மை வீட்டுக்குள்ளேயே இருந்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனில் 1941 ஜூன் முதல் துணிக்கும் கம்பளி நூலுக்கும் பங்கீடு வந்தபோது, கிழிந்த ஸ்வெட்டரைப் பிரித்த நூலில் தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் பொம்மை பின்னினார்கள். கடையில் பொம்மை இல்லாத காலத்துக்கு அது மாற்று. அதற்கென்று தனிப்பெயரும் கிடையாது.

பெயர் கொடுத்தது ஜப்பான். இலக்கணம் கற்பிக்கிற நமக்கு அந்தப் பெயரே ஒரு விருந்து. 'அமி' என்றால் பின்னல். 'குருமி' என்றால் பொதிதல், போர்த்துதல். கடையில் விற்கும் துணிப்பொம்மைக்கு அங்கே முன்பே 'நுயிகுருமி' என்று பெயர். 'நுயி' என்றால் தையல். தையலை எடுத்துவிட்டுப் பின்னலை வைத்தார்கள், 'அமிகுருமி' ஆயிற்று. தனியே நிற்கும்போது இந்தக் 'குருமி'யின் முதல் எழுத்து 'கடல்' என்பதில் வரும் ககரம்போல் வன்மையாக ஒலிக்கும். இன்னொரு சொல்லுக்குப் பின்னால் சேர்ந்தால் 'அகல்' என்பதில் வருவதுபோல் மென்மையாகும். நாம் எழுத்தை மாற்றாமலே ஒலியை மாற்றுகிறோம். அவர்கள் எழுத்திலும் குறி போட்டுக் காட்டுகிறார்கள். புணர்ச்சி நடத்தும் நாளில் ஐந்து நிமிடம் இதைச் சொல்லிப் பாருங்க, பின்வரிசையும் எழுந்து உட்காரும்.

ஜப்பானியர் செய்த இன்னொரு காரியம் இதைவிட முக்கியம். ஒவ்வொரு வகைக் கண்ணிக்கும் ஒரு குறி வைத்து, அதை நாட்டின் தொழில்துறைத் தரநிலையாகவே வகுத்துவிட்டார்கள். ஜேஐஎஸ் எல் 0201 என்பது அதன் எண். ஆங்கிலச் செய்முறைகளில் பிரிட்டன்காரர் 'டபுள்' என்று சொல்லும் கண்ணியும் அமெரிக்கர் 'சிங்கிள்' என்று சொல்லும் கண்ணியும் ஒன்றே. புதிதாகக் கற்கும் பிள்ளை தலையைப் பிய்த்துக்கொள்ளும். குறிப்படத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்துப் பின்னலாம். பெரிய தலை, சிறிய உடல், புள்ளிக் கண் என்ற 'கவாயி' அழகு, 1974இல் பிறந்த ஹலோ கிட்டி போன்ற உருவங்களால் உலகுக்கே பழகியிருந்தது. இணையம் வந்ததும் அமிகுருமி எல்லை தாண்டியது. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் வீட்டுக்குள் இருந்த மாதங்களில் வலையொளி பார்த்துக் கொக்கி பிடிக்கக் கற்றவர்கள் நம் ஆசிரியர் அறைகளிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்க.

பொம்மைத் தலை எப்படி உருண்டையாகிறது? முதலில் நூலை விரலில் ஒரு வளையமாகச் சுற்றி, அதற்குள் ஆறு கண்ணி. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12. பிறகு சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போனால் 18, 24, 30, 36. இதுவரை தட்டையான வட்டம்தான் வரும். கூட்டுவதை நிறுத்திவிட்டு 36லேயே இன்னும் ஆறு சுற்றுப் போனால் ஓரம் எழுந்து கிண்ணமாகும். பிறகு சுற்றுக்கு ஆறு ஆறாகக் குறைத்து, வாய் மூடுவதற்கு முன் பஞ்சை அடைத்து முடிப்பார்கள். நூல் உறையில் சொல்லும் அளவைவிடச் சிறிய கொக்கியால் இறுக்கிப் பின்ன வேண்டும். இல்லையென்றால் இடுக்கு வழியாகப் பஞ்சு எட்டிப் பார்க்கும். அது என்ன ஆறு? இந்தக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி கூடினால் சுற்றளவு இரண்டு மடங்கு பை, அதாவது 6.28 கண்ணி கூட வேண்டும். பெயர் தெரியாத பெண்கள் கைப்பழக்கத்தில் கண்ட கணக்கு அது. கூட்டுவதை அளவுக்கு மேல் செய்தால் வட்டம் கீரை இலைபோல் சுருண்டு நெளியும். 1997இல் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியர், அந்த நெளிவையே பயன்படுத்தி, காகிதத்தில் காட்டக் கடினமான அதிபரவளைய வடிவியலைப் பின்னிக் காட்டினார். கணித ஆசிரியரோடு சேர்ந்து ஒரு வகுப்பு நடத்தலாம்.

இப்போது எந்திரத்துக்கு வருவோம். ஸ்வெட்டர் பின்ன எந்திரம் இருக்கிறது. காலுறை பின்ன இருக்கிறது. குரோஷேபோல் தோற்றம் தரும் துணி நெய்யவும் இருக்கிறது. உண்மையான கொக்கிப் பின்னலை, அதுவும் உருண்டையாக வளரும் பொம்மையை, தொழிற்சாலை அளவில் செய்து தள்ளும் எந்திரம் இன்னும் சந்தைக்கு வரவில்லை. ஆய்வுக்கூடங்களில் முயல்கிறார்கள். அப்படியானால் இணையக் கடையில் 5 வெள்ளிக்கு வருகிற பின்னல் கரடி எங்கே, யார் கையால் பின்னப்பட்டது? பொருளின்மேல் விலை இருக்கிறது, நிறம் இருக்கிறது, நீளம் இருக்கிறது. அந்தக் கை மட்டும் இல்லை.

இதை மாணவர்களுக்கு உபதேசமாகச் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவார்கள். எண்ணச் சொல்லுங்க. மேலே சொன்ன 36 கண்ணித் தலைக்கு மொத்தம் 432 கண்ணி. 24 வரை கூட்டி, அதிலேயே இன்னும் நான்கு சுற்றுப் போய்த் தலையோடு தைக்கும் உடலுக்கு 156. கைகால் நான்குக்கும், ஒன்றுக்குத் தொண்ணூறாக, 360. காது இரண்டுக்கும் 60. கூட்டினால் 1,008. ஆமாங்க, 'ஆயிரத்தெட்டு வேலை' என்று நாம் பேச்சுக்குச் சொல்வோமே, அது இங்கே சரியான கணக்காகவே வருகிறது. பழகிய கைக்குக் கண்ணிக்கு நான்கு விநாடி என்றாலும் 67 நிமிடம் ஆகும். பஞ்சு அடைக்க, கண் பொருத்த, உறுப்புகளைத் தைத்து இணைக்க எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கும் பஞ்சுக்கும் 3 வெள்ளி போனால், சந்தை நாளில் 10 வெள்ளிக்கு விற்கும் மாணவிக்கு மிஞ்சுவது 7 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. இரண்டு மணி நேரத்துக்கு 17 வெள்ளிக்கு மேல் வரும்.

கைவினை மன்றத்தில் பின்னும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். வகுப்பில் சத்தம் அதிகமாகிவிட்டது. 'அப்போ 25 வெள்ளி போடணும் டீச்சர்' என்றது ஒரு குரல். 'யாரு வாங்குவா? 5 வெள்ளிக்கே கிடைக்குதே' என்றது இன்னொன்று. 'அந்த 5 வெள்ளிய எத்தன பேரு பங்கு போட்டிருப்பாங்க?' என்றாள் மூன்றாமவள். அந்த மூன்று குரலையும் வைத்துப் படிவம் 4க்கு விவாதக் கட்டுரைத் தலைப்பு ஒன்று எழுதலாம். கீழ்ப்படிவங்களுக்கு இன்னும் எளிய வேலை போதும்: வீட்டிலுள்ள பழைய நூல் விரிப்பு ஒன்றை எடுத்து, யார் பின்னியது, எங்கே கற்றார், விற்றாரா, எவ்வளவுக்கு விற்றார் என்று பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ கேட்டு ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்க. பதிலைப் பேச்சுவழக்கிலேயே எழுதட்டும், திருத்த வேண்டாம்.